ஆறாவது இதழ்

என் தாய்மாமன் சிவப்பிரகாசத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. கெட்டதாக எழுதச் சொன்னால் தாள் போதாது. திருத்தணியில் அவரோடு சண்டை போடாத ஆள் ஒருவன் இருந்தால் அவன் ஊருக்குப் புதியவனாக இருக்க வேண்டும். தபால்காரனோடு சண்டை, பால்காரியோடு சண்டை, பக்கத்து வீட்டுச் சேவலோடும் சண்டை. ஆனாலும் எழுதுகிறேன். அவர் கண்டெடுத்த ஒரு கல் மதராஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அது அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

மாமா பிறந்தது மணவூர் பக்கம். ஏர் பிடிக்கப் பொறுமை இல்லாமல், இளவயதிலேயே அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல் குழிகளில் வெடி வைக்கும் வேலைக்குப் போய்விட்டார். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓட வேண்டும். அவர் குணத்துக்கு ஏற்ற வேலைதான். ஒருநாள் திரி அணைந்துவிட்டது என்று அவசரப்பட்டுக் கிட்டே போனார். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. வேலையும் போயிற்று. நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். அக்கா இல்லாத வீட்டில் அக்கா புருஷன் சோறு போட வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் மச்சானைத் துரத்திவிட்டான் என்று ஊர் பேசுமே! எங்கள் அப்பா பரந்தாமன், நான் நைனா என்று கூப்பிடுவேன், ஊர்ப் பேச்சுக்கு மட்டும்தான் பயப்படுவார். மலையடியில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். விபூதி, குங்குமம், கற்பூரம், சின்னப் பித்தளை வேல். வருகிற பக்தர்களிடம் தேனாகப் பேசுவார். வீட்டுக்கு வந்தால் அந்தத் தேன் ஒரு சொட்டுகூட மிஞ்சாது. பின்கட்டில் சுவரோரம் கூரை இறக்கிய ஒரு சாய்ப்பை மாமாவுக்கு ஒழித்துக் கொடுத்தார். இருவரும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். நான் புருஷன் வீட்டில் அடி வாங்கிக்கொண்டு இருக்க மாட்டேன் என்று திரும்பி வந்தவள். இரண்டு பேருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, கடையிலும் உட்காருவேன். என் வாயும் சும்மா இருக்காது.

தகரப் பெட்டியில் இருந்ததெல்லாம் கல். நாங்கள் நகை என்று நினைத்தோம், அது வேறு விஷயம். ஆனால் சும்மா கல் இல்லை. எலுமிச்சம்பழம் மாதிரி சில, அதிரசம் மாதிரி சில. ஒவ்வொன்றின் முதுகிலும் ஐந்து இதழ் விரித்த பூ. இதழ்களின் ஓரமெல்லாம் ஊசியால் குத்தியது போலப் புள்ளி வரிசை. முதல் தடவை பார்த்தபோது யாரோ பொறுமைசாலி உட்கார்ந்து செதுக்கியது என்றுதான் நினைத்தேன்.

"செதுக்கறதாவது! கடல் முள்ளெலிடி இது. கடல்ல இருக்கிற ஜந்து. ஒடம்பெல்லாம் முள்ளு. செத்தா முள்ளு உதிர்ந்து பூடும், ஓடு நிக்கும். மண்ணுல பொதைஞ்சி கல்லாப் பூடும்," என்றார் மாமா.

"அரியலூர்ல ஏது மாமா கடலு?"

"இருந்துச்சி. உங்க நைனாவுக்குப் புத்தி இருந்த காலத்துல."

குழியில் வேலை செய்த நாளில் மதராஸ் காலேஜிலிருந்து ஒரு புரொபசர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். மாமா காலால் எற்றிவிட்ட உருண்டை ஒன்றைக் குனிந்து எடுத்துச் சட்டைத் துணியில் துடைத்தாராம். காலேஜ்காரர்கள் லீவு நாளில் மட்டும்தான் வர முடியும், அதற்குள் குழியில் பாதி சுண்ணாம்பு சுடும் காளவாய்க்குப் போய்விடும், அங்கேயே இருப்பவர்கள் பொறுக்கி அனுப்பினால்தான் உண்டு என்றாராம். திருச்சியில் ஒரு ரயில்வே கார்டு, எங்கோ ஒரு பாதிரியார், ஒரு டிராயிங் வாத்தியார் என்று சிலர் அப்படி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் சேர்ந்துகொண்டார். புரொபசர் சொன்ன விதிகள் இரண்டு. பாறையின் எந்தப் படுகையில் கிடைத்தது என்று கல்லோடு சீட்டு ஒட்ட வேண்டும். கல்லைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. ஊரில் எவன் பேச்சையும் கேட்காத மனிதர் இந்த இரண்டை மட்டும் வேதவாக்காக வைத்துக்கொண்டார். திருத்தணிக்கு வந்த பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை அரியலூர் போய், குழிமேட்டில் வெயிலில் அலைந்து பொறுக்கிவிட்டு வருவார்.

அதில் ஒரு கல்தான் விஷயம். தட்டையானது, உள்ளங்கை அகலம். அந்த ஜாதியில் உடைந்த பாதி ஒன்றை முன்பே அனுப்பியிருந்தார். இதுவரை யாரும் எழுதாத ஜாதி போலிருக்கிறது, முழுசாக ஒன்று கிடைத்தால் புதுப் பெயர் வைக்கலாம், கண்டெடுத்தவர் என்று உங்கள் பெயரும் புத்தகத்தில் வரும் என்று புரொபசர் கார்டு போட்டிருந்தார். மறுவருஷம் மாமா முழுசாகவே ஒன்றைக் கண்டெடுத்தார். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. யுத்த காலத்தில் ஒரு பார்சல் தொலைந்துபோயிருந்தது. நாகரி மலைப் பக்கம் வரும்போது நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், ஆவணியில் வருவேன் என்று புரொபசர் எழுதினார். மாமா அந்தக் கல்லைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கையில் விரல் இல்லை, பெண் கொடுக்க ஆள் இல்லை, கல்லுப் பைத்தியம் என்று தெருப் பிள்ளைகள் கூப்பிடும். அவருக்கென்று இந்த உலகத்தில் வரவிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

நாற்பத்தாறாம் வருஷம் ஆனிக் கடைசியில் மாமா அரியலூர் போனார். ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு காவடிக்காரர் தண்ணீர் கேட்டு எங்கள் பின்கட்டுக்கு வந்து, சாய்ப்பு ஓரமாக மாமா ஒதுக்கிப் போட்டிருந்த உடைசல் கல் ஒன்றைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினார்.

"அஞ்சுதானே இருக்குது. ஆறு இருந்தா ஆறுமுகன் கல்லுன்னு பூஜையில வெச்சிடலாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நைனாவுக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் மாமாவின் பெட்டிப் பூட்டு உடைந்திருந்தது. நைனா திண்டில் சாய்ந்து உட்கார்ந்து, கத்தி தீட்டுகிற அரத்தை எடுத்து அந்தத் தட்டைக் கல்லின் மேல் ராவிக்கொண்டிருந்தார். இந்தக் கல்லில் பின்பக்கத்து இரண்டு இதழுக்கு நடுவே கொஞ்சம் இடம் அதிகமாக இருக்கும். ஆறாவது இதழுக்கென்றே கடவுள் விட்டுவைத்த மாதிரி. நைனா அதில் ஒரு கீற்றுப் போட்டார். ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தார். விளக்கெண்ணெயும் கரியும் குழைத்துத் தேய்த்தார். புதுக் கீறல் பழசாகிவிட்டது. பெட்டியில் இருந்த மற்றக் கல்லுக்கும் அதே கதிதான்.

"மாமன் வந்தா கொலை விழும் நைனா," என்றேன்.

"எவ்ளோ நாளு சோறு போட்டுகினு இருக்கேன்? கல்லைத் தின்னு வளர்ந்தானா அவன்? போடி உள்ளே."

"நான் இதை விக்க மாட்டேன்."

"நீ விக்காதே. வாயை மூடிகினு ஒக்காரு, அது போதும்."

வேலியே பயிரை மேய்கிறது, நான் யாரிடம் போய்ச் சொல்ல? வீட்டில் சத்தம் போட்டுப் பார்த்தேன், சாமான்களை எறிந்தும் பார்த்தேன். நைனா அரத்தைக் கீழே வைக்கவில்லை.

கிருத்திகை அன்று கடை வாசலில் சிவப்புத் துணி விரித்து, மேலே கல்லையெல்லாம் அடுக்கி, விபூதி தூவி வைத்தார். மலையடியில் தோண்டும்போது தானாகக் கிடைத்தது என்று ஒரு கதையும் கட்டினார். சனம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனது. தட்டைக் கல்லை வாங்கியவள் அம்மையார்குப்பத்துத் தறிக்காரி, பெயர் கௌரியம்மாள். இடுப்பில் காய்ச்சலோடு ஒரு ஆண்பிள்ளை. முன்னே பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை, இதுவாவது தங்கட்டும் என்று கடையில் இருந்த எல்லோரிடமும் சொல்லி அழுதாள். கல்லை மடியில் கட்டிக்கொண்டு படியேறினாள்.

அவள் போன பிறகு, உச்சி வெயிலில், ஸ்டேஷனிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக மாமா வந்தார். தோளில் புது மூட்டை. சிவப்புத் துணியைப் பார்த்தார். குனிந்து ஒரு கல்லை எடுத்தார். கட்டைவிரலால் அந்தக் கீற்றைத் தடவினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அரம் போட்டுக் கீறினதுடா இது! அஞ்சுதாண்டா இருக்கும்! இந்தத் திருட்டுப் பையன் கீறி விக்கிறான்!" என்று கத்திக்கொண்டே துணியைக் காலால் எற்றினார். கல்லெல்லாம் தெருவில் உருண்டன.

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் காலால் சொன்னார். சாமிக் கல்லை மிதிக்கிறான் என்று ஒருவன் கூவினான், அவ்வளவுதான். காவடி எடுத்து வந்தவர்கள் காவடியை இறக்கி வைத்துவிட்டு அவரை அடித்தார்கள். உதடு கிழிந்தது. நைனா எழுந்திருக்கவே இல்லை. "பாவம், புத்தி சரியில்லாதவன், வுட்டுடுங்க," என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாமா வீட்டுக்கு வந்து காலிப் பெட்டியையும் காலி டப்பாவையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். தட்டைக் கல் போன இடம் எனக்குத் தெரியும் என்றேன். மறுநாள் காலையில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில், புகைக்கு இருமிக்கொண்டே போய், பாதி வழி நடந்து, அம்மையார்குப்பம் சேர்ந்தோம்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். கௌரியம்மாள் வீட்டில் தறிக்குப் பக்கத்துச் சுவர் மாடத்தில் கல் இருந்தது. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அரளிப் பூவும் வைத்திருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது.

"இது சாமி இல்லம்மா. கடல் ஜந்துவோட ஓடு. நான் அரியலூர்ல பொறுக்கினது. இந்தக் கீத்தைப் பாரு. மத்த அஞ்சுலயும் புள்ளி இருக்குது, இதுல இருக்குதா? எங்க பாவா, இவளோட நைனா, அரத்தால கீறினது," என்றார் மாமா. கேட்டது உதவி. குரல் என்னவோ அவள்தான் திருடினாள் என்கிற மாதிரி இருந்தது.

கௌரியம்மாள் கல்லைக் கையில் எடுக்காமல் நின்றபடியே பார்த்தாள். "ஒண்ணை அவரு கீறினாரு, சரிங்க. மத்த அஞ்சை யாரு கீறினது?"

பதில் தெரியாத கேள்விக்கு மாமா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கத்தினார். தறிகள் நின்றன. ஆண்கள் வாசலில் கூடினார்கள். மறுபடியும் உதை விழப்போகிறது என்று நான் நடுவில் புகுந்து, கெஞ்ச வேண்டியவர் கெஞ்சாததால் நான் கெஞ்சினேன்.

"கிருத்திகையில வாங்கின சாமியை அப்டியெல்லாம் எடுத்துக் குடுக்க மாட்டோம்க்கா," என்றாள் கௌரியம்மாள். "வித்தவரு வரட்டும். இங்க கற்பூரம் கொளுத்தி வெக்கிறேன். நான்தான் கீறினேன்னு கையால அடிச்சி அணைச்சிச் சத்தியம் பண்ணட்டும். அப்பால எடுத்துகினு போங்க."

அந்தத் தெருவில் இன்னும் சிலரும் கல் வாங்கியிருந்தார்கள். அவர்களே நைனாவுக்கு ஆள் அனுப்பினார்கள். வராவிட்டால் கடை நாறிவிடும். வந்து உண்மையைச் சொன்னாலும் கடை நாறிவிடும். நைனா வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தார். மாடத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்தது. ஒரு பிசிறும் இல்லாத குரலில் சொன்னார்.

"மலையடியில கெடச்சபடியே இருக்குது. இதுல என் அரம் படல. சத்தியம்."

உள்ளங்கையால் அடித்தார். கற்பூரம் அணைந்தது. கை வேகவில்லை, இடி விழவில்லை. முருகன் அவர் கண்ணைக் குத்துவான் என்று கொஞ்ச நேரம் நானும் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாமா சுவரில் சாய்ந்துவிட்டார். அந்த மனிதர் முகத்தில் கோபம் இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான்.

நைனா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் நைனா இல்லையே. "சந்தேகம் இருந்தா என் பொண்ணையே கேளுங்க. கடையில ஒக்காந்துகினு இருந்தவ அவதான்," என்றார்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் வாயும் அவர் கடைச் சரக்கு என்கிற மாதிரி சொன்னார். மாமா மேல் இருந்த பாசத்தால் நான் அதைச் செய்யவில்லை. அவர் மேல் எனக்குப் பாசம் ஏது? எனக்கு வந்தது கோபம். "இன்னொரு கற்பூரம் வைம்மா," என்றேன் கௌரியம்மாளிடம். வைத்தாள். "எங்க நைனாதான் கீறினாரு. ஒக்காந்து ராவினதை என் கண்ணால பாத்தேன். சத்தியம்." அடித்தேன். எனக்குக் கை சுட்டது.

கௌரியம்மாள் நைனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெத்த பொண்ணு அப்பனுக்கு எதிரா வந்து பொய்ச் சத்தியம் பண்ணாது," என்றாள். மாடத்திலிருந்து கல்லை எடுத்தாள். சந்தனத்தைப் புடவை முந்தானையால் துடைத்தாள். பிள்ளையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு மாமா கையில் வைத்தாள். "மத்த அஞ்சை யாரு கீறினதுன்னு அந்த காலேஜ்காரரைக் கேட்டு எனக்கு வந்து சொல்லுங்கண்ணா," என்றாள்.

நைனா வெளியே போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. "இனிமே என் வாசப்படி ஏறாதே," என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். மாமா கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். நன்றி என்று ஒரு சொல்லா? "சீக்கிரம் வாடி, பஸ் பூடும்," என்றார்.

கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரமாக ஒரு குடிசை பிடித்தோம். பஸ் நிற்கும் இடத்தில் நான் இட்லி சுட்டு விற்றேன். மாமா சட்னியில் உப்பு அதிகம் என்று வருகிறவர்கள் காதுபடவே சொல்லி வியாபாரத்தைக் கெடுத்தார். மாமா புது விலாசத்தைக் கார்டில் எழுதிப் போட்டிருந்ததால், ஆவணியில் புரொபசர் அங்கே வந்தார். கல்லைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. நல்லவேளை, ஐந்து இதழுக்கும் சேதம் இல்லை, அடிப்பக்கமும் முழுசாக இருக்கிறது, இதை வைத்தே பெயர் வைக்கலாம் என்றார். "ஆனால் இந்தக் கீறலையும் எழுதித்தான் ஆகணும். மறைக்கக் கூடாது."

"எழுதுங்க. நல்லா எழுதுங்க. எவன் கீறினான்னும் எழுதுங்க. பரந்தாமன், பூஜைச் சாமான் கடை, திருத்தணி," என்றார் மாமா. புரொபசர் சிரித்துக்கொண்டார். இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கல்லோடு போனார். கௌரியம்மாளின் கேள்வியை மாமா அவரிடம் கேட்கவே இல்லை. நான் ஞாபகப்படுத்தியதற்கு என்னைத் திட்டினார்.

நாற்பத்தெட்டாம் வருஷம் புத்தகம் தபாலில் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். பஸ்ஸுக்கு நின்ற ஒரு ஹைஸ்கூல் வாத்தியாரைப் பிடித்து உட்காரவைத்துப் படிக்கச் சொன்னோம். அவர் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கல்லின் படம் பக்கம் முழுக்க இருந்தது. ஐந்து இதழை முழுக் கோட்டாலும், ஆறாவதைப் புள்ளிக் கோட்டாலும் வரைந்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: திருத்தணி சிவப்பிரகாசம் கண்டெடுத்துக் கொடுத்தது. பின்புறக் கீறல் இயற்கையானது அல்ல, பிற்காலத்தில் மனிதக் கையால் செய்யப்பட்டது.

"மாமா, உன் பேரு போட்டுட்டாங்க!" என்றேன்.

"என் பேரு கெடக்கட்டும். மனிதக் கைன்னா? எவன் கை? அவன் பேரு எங்க?"

வாத்தியார் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "அந்தப் பேரு இல்லீங்க," என்றார்.

மாமா புத்தகத்தைப் பிடுங்கி மாவுப் பாத்திரத்தின் மேல் எறிந்துவிட்டு, "அப்புறம் இன்னாத்துக்குடா புத்தகம்?" என்று கத்திக்கொண்டே ரோட்டில் இறங்கிப் போனார். தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பெயருக்காகத்தான் நான் பிறந்த வீட்டை விட்டேன். கௌரியம்மாள் தன் பிள்ளையைக் காப்பாற்றிய சாமியை எடுத்துக் கொடுத்தாள். அவருக்கு அது கிடக்கட்டுமாம். நைனா மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. வாத்தியார் ஏறும் பஸ் வந்து, அவரும் போய்விட்டார். நான் புத்தகத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்து, அரிசிப் பானைக்கு மேலே எடுத்து வைத்தேன். அன்றைக்கு மாமாவுக்குச் சோறு வைக்கவில்லை.